தண்ணித் தொட்டி நிழலில் அரை மணி நேரம்

என் அன்புள்ள வாயாடி மதினிக்கு,

உன்னை நலம் விசாரிக்க வழியில்லை. நீ போன இடத்தில் வெயில் உண்டா, மழை உண்டா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அங்கே எப்போதும் இதமாக இருக்கும் என்றார். அப்படியானால் பழைய கொடைக்கானல் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதைய கொடைக்கானல் அப்படி இல்லை மதினி.

இந்தச் சித்திரையில் நாம் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸுக்கு ஃபேன் வந்துவிட்டது. சிரிக்காதே. அறைக்கு ஒன்று, தரையில் நிற்கிற ஃபேன். மேலே மாட்டக் கொக்கி ஏது? இந்த ஊரில் வீடு கட்டினவர்கள் யார் கொக்கி வைத்தார்கள்? ஃபேன் கேட்கிறவர்கள் மதுரையிலேயே இருந்திருக்கலாமே என்று விருந்தாளிகளின் காதுபடச் சொல்லுவாயே, இப்போது அந்த ஃபேன்களைத் தினமும் நான்தான் துடைக்கிறேன். உன் பங்குக்கும் சேர்த்து.

அண்ணன் நன்றாக இருக்கிறார். உன் புருஷன் டீ போடக் கற்றுக்கொண்டுவிட்டார். அதைக் குடிக்கத்தான் இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் அதைச் சொல்லவா பேனா எடுத்தேன்? ஒரு தப்பு பண்ணிவிட்டேன் மதினி. நீ வாங்கிக் கொடுத்த அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். வட்டக்கானலில் இந்தக் கெஸ்ட் ஹவுஸ் அறைகளைச் சுத்தம் பண்ணும் வேலைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். சீசன் வந்தால் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் காலி பண்ணும். ஒரு மணிக்கு அடுத்த கூட்டம் பெட்டியோடு வந்து நிற்கும். நடுவில் எட்டு அறை, இரண்டு பேர், நாலு கை. அப்படி ஒரு மே மாத மத்தியானத்தில் நீ விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்பக்கம் தண்ணித் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தாய். தொட்டிச் சுவர் எப்போதும் கசிந்து ஜில்லென்று இருக்கும். அதில் முதுகைச் சாய்த்தாய்.

கையில் ஒரு பாட்டில். பேஷன் ஃப்ரூட்டைப் பிழிந்து, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நசுக்கின இஞ்சி. விதையை வடிகட்டவே மாட்டாய். வாயெல்லாம் விதையாக இருக்கிறது என்று திட்டினேன். அதற்குத்தான் விதை என்றாய். மடக்கு மடக்கென்று குடிக்க முடியாது, மென்று மென்று குடிப்பதற்குள் மூச்சு வாங்குவது நின்றுவிடும். நீ சொன்னால் எதிலும் ஒரு கணக்கு இருக்கும், அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"மேடம், இளைப்பாறணும்னு ஊரே மலையேறி வருது. இங்கயே பொறந்த எங்களுக்கு ஒரு அரை மணி நேரம் கெடையாதுங்களா?"

சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாய். அவர் நின்றபடியே குடித்தார். விதையைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் முழித்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை நம்முடையது. மழைக்காலத்தில் வரக்காப்பி, வெயில் காலத்தில் இது. உன் புருஷனைப் பற்றி நீ, என் புருஷனைப் பற்றி நான். எவ்வளவு பெரிய சோலி கிடந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் யாரும் நம்மைக் கூப்பிட்டதில்லை.

உன்னை ஐப்பசியில் அடக்கம் பண்ணிவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியடியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு டம்ளர் வரக்காப்பி ஊற்றினேன். அடுத்ததை யாருக்கு ஊற்ற? கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து போய் ஒரு அறையைப் பெருக்கினேன். மறுநாளும் அப்படியே. பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எனக்கு வேண்டாம் என்று நானே சொல்லிக்கொண்டது இன்னொருத்திக்கும் இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை மாதம் ஒரு புது மேனேஜர் தம்பி வந்தார். யாரும் உட்காராததைப் பார்த்தார், அந்த அரை மணி நேரத்திலும் ஒரு அறை வேலையைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உன் இடத்துக்குப் பள்ளங்கியிலிருந்து பாண்டியம்மா வந்தாள். இரண்டு பிள்ளைக்காரி, பேச்சு கம்மி, வேலை வெரசு. அவளிடம் நான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். போர்வை மடிப்பது, கண்ணாடி துடைப்பது, யார் குப்பையில் எதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

போன வாரம் மேல் மாடியை அவளுக்குக் கொடுத்திருந்தேன். மேலே தகரக் கூரை. மத்தியானம் அழுக்குப் போர்வை மூட்டையோடு படியிறங்கி வந்தவள், கடைசிப் படியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் கை ஜில்லென்று இருக்கிறது, உடம்பு லேசாக நடுங்குகிறது. நமக்குத் தெரிந்தது என்ன? நடுங்கினால் குளிர். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அவளைக் கீழ் அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்து, ஓடிப் போய் இரண்டு கம்பளியை எடுத்து வந்து கழுத்து வரைக்கும் சுற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். சுக்குக் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். நல்ல காரியம் பண்ணுகிறேன் என்று எனக்குள்ளே பெருமை வேறு.

அறைக்காகக் காத்திருந்த திண்டுக்கல் அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் கைப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏன்க்கா, புள்ளைய அவிச்சா எடுக்கப் போறீங்க? கம்பளிய உருவுங்க மொதல்ல."

"குளிருதுங்க அவளுக்கு."

"வெயில் மயக்கம்க்கா இது. எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

கொடைக்கானலில் ஏது வெயில் என்று அந்த நேரத்திலும் நான் வாய் பேசினேன் மதினி. அவள் ஜன்னலைத் திறந்தாள், நம் ஃபேனை இழுத்து வந்து வைத்தாள், துண்டை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தாள். காலைத் தூக்கித் தலையணை மேல் வைக்கச் சொன்னாள். பாண்டியம்மா கண் திறந்து பேசின பிறகு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று டாக்டர் கேட்டார். வெள்ளனே கிளம்பும்போது ஒரு டீ என்றாள். அவளைக் கேட்ட கேள்விக்கு நான்தான் தலை குனிந்தேன். திரும்பும்போது ஜீப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததை மேனேஜரிடம் பெரிசு பண்ண வேண்டாம், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று கெஞ்சினாள். அவளுக்கு அதுதான் பயம். நான் கம்பளியைச் சுற்றி அவளைக் கொன்றிருப்பேன், அதற்குக்கூட அவளுக்குப் பயம் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு, தொட்டியடிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்தாளா, உட்காருவது போல் நின்றாளா என்று சொல்ல முடியாது. மேனேஜர் தம்பி தேடிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, நாலு ரூம் கெடக்கு. ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க?"

பாண்டியம்மா எழப் போனாள். அவள் முந்தானையை நான் விடவில்லை.

"முந்தாநாள் இவ விழுந்தா தம்பி. அடுத்து விழுற முறை யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிச் சொல்லிருங்க, ரெடியா இருந்துக்கிறோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது. முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார்களோ, ஒரு மணிக்கு வருகிறவர்களை இனி ஒன்றரைக்கு வரச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. ஆனால் வெயில் முடிகிறவரைக்கும்தான் என்றார். நான் அவருக்கும் ஒரு டம்ளர் பேஷன் ஃப்ரூட்டை நீட்டினேன். விதை அவர் பல்லில் மாட்டிக்கொண்டது.

அப்போதெல்லாம் அரை மணி நேரத்தை நீ எனக்காகக் கேட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். நமக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த யாராவது ஒருத்தியும் அந்தப் படியில் விழுந்திருப்பாளோ? அது உனக்குத் தெரிந்திருக்குமோ? கேட்காமல் விட்டுவிட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டது இப்படி நிறைய இருக்கிறது.

நேற்று பாண்டியம்மா முதல் தடவையாகத் தானே வந்து உட்கார்ந்தாள். உங்கள் மதினி எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள். ஆரம்பித்தேன். நீ மலையாளத்து விருந்தாளியிடம் தமிழிலும் அவர் உன்னிடம் மலையாளத்திலும் ஒரு மணி நேரம் சண்டை போட்டது, பாதிரியாரின் பிரசங்கத்தில் குறட்டை விட்டது, எல்லாம். அவளுக்குச் சிரிப்பு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பன்னிரண்டரை தாண்டிவிட்டது. இரண்டு பேரும் எழவில்லை.

வெயில் முடியட்டும் மதினி. ஆனி வரட்டும், மூடுபனி இறங்கட்டும். அப்போதும் நான் எழுந்திருக்க மாட்டேன். உன் இடத்துக்கு யார் வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன், இந்த நேரம் உனக்கானது, கேட்டு வாங்க வேண்டாம், உட்கார் என்று. அந்த நேரம் முழுக்க உன்னைத்தான் கேலி பண்ணிக்கொண்டிருப்போம். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். சத்தியமாக விட மாட்டேன்.

உன்னோடு சண்டை போட்டே சொந்தமானவள்,
உன் நாத்தனார்
பிலோமினா,
அட்டுவம்பட்டி.