புளித்த வாடை அடிக்காத கட்டை

பூரணம்,

நேற்று அடுப்பு புகைந்தது உன் குற்றமில்லை, விறகு ஈரம். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் கட்டை வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. வெட்டுமுனையை மோந்து பார். புளித்த வாடை அடித்தால் ஈரம். கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும். காய்ந்ததில் வாடை இராது. இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அப்படிப்பட்டதாகப் பொறுக்கி அடுப்படியில் அடுக்கியிருக்கிறேன்.

நான் திட்டியதற்கு, "அடுப்பு மூட்டத் தெரியாதவளுக்குச் சோறு ஒண்ணுதான் கேடு" என்று பட்டினியாகப் படுத்துவிட்டாய். வயிற்றுப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

எமர்ஜென்சி என்று, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம், தோட்டத்துக் கேட்டில் காவல்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். பால் வெட்டி முடித்து வெறும் வயிற்றோடுதான் வருவேன்.

சிங்காரம்

பி.கு. எனக்காகக் காத்திருக்காமல் நீ முதலில் சாப்பிடு. உனக்குக் காய்ந்த கட்டையில் சமைத்துக்கொள். கோபம் தீராவிட்டால் எனக்கு ஈரக்கட்டையில் சமை.