செண்டோல், லெவல் அம்பது

பெம்பான்
7.7.2024, ஞாயித்துக்கிழமை

என் உயிரக் காப்பாத்துற பவானிக்கு,

சும்மா சொல்லலடி. நேத்து நீ இல்லாம நான் ஒம்போது தடவ செத்தேன். ஒம்போது! டிராகன் குகை வாசல்லயே மூணு தடவ. கூட வந்த ஹீலர் யாரோ ஜொகூர் பையன், நான் அடி வாங்கிட்டு இருக்கேன், அவன் எனக்கு உயிர் ஏத்தாம பூ பறிச்சிட்டு நிக்கிறான் லா!

இமெயில்ல எழுதுறேன்னு சிரிக்காத. வாட்ஸ்அப்ல போட்டா நீல டிக் வருது, பதில் வரல. வாய்ஸ் போட்டா நீ ஸ்பீடா ஓட வச்சுக் கேப்பேன்னு எனக்குத் தெரியாதா? லெட்டர்னா முழுசா படிச்சுத்தான் ஆகணும்.

நான் நல்லா இருக்கேன். கிளினிக் கவுண்டர்ல நம்பர் கூப்பிட்டு கூப்பிட்டு தூக்கத்துலயும் "நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி ரெண்டு"ங்கிறேனாம். அம்மா சொல்றாங்க. நீ ஒழுங்கா சாப்பிடுறியா? புக்கிட் பெருவாங்ல இருந்து இங்க வர அரை மணி நேரம்கூட ஆகாது. மூணு வாரமா வரல நீ.

இப்ப முக்கியமான விஷயம். நம்ம 'ஏழு தீவு'ல புது சீசன் வந்துருச்சு!!! ஒரு ஆளுக்கு ஒரே கேரக்டர்ங்கிற ரூல் அப்படியேதான் இருக்கு. டாங்க், ஹீலர்னு கிளாஸ் மாத்தணும்னா பழச அழிக்கணும். ஆனா இந்த சீசன்ல அழிச்சிட்டு புதுசா எடுத்தா லெவல் அம்பது ஃப்ரீயாம். எவ அழிப்பா? மூணு வருஷம் வளர்த்ததுடி.

ஒன்னு மட்டும் புரியல. ஃப்ரெண்ட் லிஸ்ட்ல உன் ஹீலர் பேரு சாம்பல் கலர்ல கெடக்கு. கேம்ல ஏதோ கோளாறு. கம்ப்ளைண்ட் போடு.

எலுமிச்சம்பழம் அறுபத்தஞ்சு சேர்த்து வச்சிருக்கேன். அப்பா புது மோட்டார் பைக் எடுத்து, கோயில் வாசல்ல டயருக்கு கீழ பழத்த வச்சு ஏத்துனாரே, அன்னைக்கு சாயங்காலமே நம்ம கேம்ல குதிரைய விட்டு பழத்த நசுக்கினோம், ஞாபகம் இருக்கா? சமைக்கிறதுக்குன்னு கேம்ல குடுத்த பழத்த குகை வாசல்ல போட்டு மிதிக்கிற ஆளுங்க உலகத்துலயே நம்ம ரெண்டு பேருதான். சீக்கிரம் வா. பழம் காத்துக்கிட்டு இருக்கு.

முன்னாடி நின்னு அடி வாங்குற உன் டாங்க்,
புனிதா
(கேம்ல முனியாயி, லெவல் 71)


புக்கிட் பெருவாங்
9.7.2024

அன்பு புனி,

கோளாறு இல்லடி. நான்தான் அழிச்சேன்.

உன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாமத்தான் பதில் போடல. நான் இப்ப ஆர்ச்சர். பச்சை அங்கி, முதுகுல அம்பு, பாறை மேல ஏறி நின்னு விடுறேன். வெள்ளிக்கிழமை என் ஹவுஸ்மேட் அகல்யா கேம்ல அஞ்சு பேரு டீமா ஒரு பார்ட்டி ஆரம்பிச்சா. "உனக்கு எது பிடிக்கும்?"னு கேட்டா. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் அத கேட்டதில்ல.

ஜாசின் சைபர் கடையில மொத நாளு ஞாபகம் இருக்கா? மவுஸ் உன் கையிலதான். "நான் டாங்க், நீ ஹீலர், ஓகே?"ன்ன. நான் ஓகே சொல்றதுக்கு முன்னாடி கிளிக் பண்ணிட்ட. தப்பா சொல்லல. எனக்கு அப்பவே வில்லுதான் பிடிச்சிருந்துச்சு, அவ்ளோதான்.

நீயும் எங்க பார்ட்டிக்கு வாயேன். ஆனா டாங்க் இடம் ஃபுல்லாயிருச்சு, அகல்யாதான் டாங்க். ஹீலர்தான் இன்னும் கிடைக்கல, தேடிட்டு இருக்கோம்.

டெஸ்ட் முடிஞ்சதும் வரேன். அம்மாவ கேட்டதா சொல்லு.

அன்புடன்,
பவானேஸ்வரி


பெம்பான்
10.7.2024

பவானேஸ்வரி அவர்களுக்கு,

முழுப் பேரு போட்டு கையெழுத்து போட்டிருக்க. சரி, நானும் மரியாதையாவே கூப்பிடுறேன்.

மூணு வருஷம் உனக்கு முன்னாடி நின்னது யாரு? டிராகன் நெருப்ப மூஞ்சியில வாங்குனது யாரு? ஒரு அம்பு, ஒரு கல்லு, ஒரு கொசு உன் மேல பட்டுருக்குமா? இப்ப அந்த இடத்துல அகல்யா! அவ கேடயம் என்ன லெவல்? கீபோர்டுல ஏழு கலர் லைட்டு எரியுதா? அவ ஃபோட்டோவ உன் ஸ்டேட்டஸ்ல பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே கப்ல மைலோ குடிக்கிறீங்க. என் கப்ப நீ தொட மாட்ட, எச்சில்னு சொல்லுவ.

உண்மைய சொல்றேன். உனக்கு யூனி சீட் கிடைச்சு எனக்கு கிடைக்காதப்ப நான்தான் கடையில கேக் தாப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டி உன் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அன்னைக்கு எனக்கு பொறாமையே வரல. சத்தியமா வரல. இப்ப வருது. வயிறு எரியுது.

யாரு கிளிக் பண்ணா என்ன? நீ நல்ல ஹீலர். அதான் உன்னை ஹீலரா எடுத்தேன்.

நான் விளையாட்ட விட்டுட்டேன். முனியாயி இனிமே வர மாட்டா. தேடாத.

புனிதா
(பழசெல்லாம் ஞாபகம் வச்சிருக்குறவ)


புக்கிட் பெருவாங்
29.7.2024

அன்பு புனி,

ஃபோன் எடுக்க மாட்டேங்குற. நீ சொன்ன மாதிரி லெட்டர்னா முழுசா படிக்கணும், அதனால எழுதுறேன்.

டெஸ்ட் பரவால்ல. மழைன்னா மழை இங்க. ரெண்டு வாரமா எங்க பார்ட்டிக்கு ஒரு ஹீலர் கிடைச்சிருக்கா. பேரு செண்டோல், நம்ம ஐஸ் போட்டு குடிக்கிற அதே செண்டோல். கிளேபாங்ல இருக்காளாம். மைக் ரோசாக், கெட்டுப் போச்சுன்னு டைப் பண்ணித்தான் பேசுறா, இதுவரைக்கும் குரலே கேட்டதில்ல. ஆனா என்ன ஹீலர்டி அவ! நான் பாறை மேல இருந்தாலும், பள்ளத்துல விழுந்தாலும், பாதி உயிர் போறதுக்குள்ள எனக்கு உயிர் ஏத்திடுறா. மூணு வருஷம் ஹீலரா இருந்த எனக்கே அவ்ளோ வேகம் வராது. கண்ண என் மேலயே வச்சிருக்கா.

அகல்யாதான் பாவம். நேத்து மட்டும் பதினோரு தடவ செத்தா. "ஏய், நான்தானடி டாங்க், எனக்குத்தானே மொதல்ல ஏத்தணும்?"னு கத்துறா. செண்டோல் உடனே "சாரி சிஸ், லைன் ஸ்லோ"ன்னு டைப் பண்றா. அகல்யாவுக்கு மட்டும் லைன் ஸ்லோவாகுது, அதிசயமா இருக்கு.

இன்னொரு அதிசயம். டிராகன் குகை வாசல்ல அவ ஒரு எலுமிச்சம்பழத்த போட்டு குதிரைய ஏத்துனா. உலகத்துலயே நம்ம ரெண்டு பேருதான்னு நெனச்சேன். கிளேபாங்லயும் ஆள் இருக்கு போல.

எழுது புனி.

பவானி


பெம்பான்
30.7.2024

பவானிக்கு,

எலுமிச்சம்பழம் எல்லாத் தமிழ் பிள்ளைங்களும்தான் போடுவாங்க லா! இதுல என்ன அதிசயம்? கிளேபாங்ல மோட்டார் இல்லையா, கோயில் இல்லையா?

சரி, அத விடு. அந்த செண்டோல் என்ன அவ்ளோ பெரிய ஆளா? "என்ன ஹீலர்டி அவ"ன்னு எழுதியிருக்க. எனக்காக ஒரு தடவயாவது "என்ன டாங்க்டி நீ"ன்னு சொல்லியிருக்கியா? மூஞ்சி தெரியாது, குரல் தெரியாது, வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள லெட்டர்ல பாதி அவதான். அகல்யாவ விட இவ மேல எனக்கு ஜாஸ்தி எரியுது. இவகூட போய் சண்ட போட முடிஞ்சா போட்டிருப்பேன். போடவும் முடியாது, யாருகிட்ட சொல்லி அழவும் முடியாது. தலையெழுத்து.

ஒன்னு கேக்கணும். கோவப்படாம சொல்லு. ஹீலரா இருந்தப்ப டிராகன் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கியா? அதோட ரெக்க ஓரத்துல செவப்பா நரம்பு ஓடும், கண்ணு ஒன்னு மட்டும் மூடியிருக்கும். பார்த்திருக்கியா?

சும்மாதான் கேக்குறேன். கிளினிக்ல கூட்டம் இல்ல, பொழுது போகல.

புனி


புக்கிட் பெருவாங்
12.8.2024

என் புனிக்கு,

போதும்டி.

மொத நாளே தெரியும். பழத்த நீ நடுவுல போடல, எடது பக்கம் தள்ளிப் போட்ட. அன்னைக்கு கோயில்ல உங்கப்பா அப்படித்தான் வச்சாரு, வலது பக்கம் சாக்கடை. நீ கேம்லயும் மூணு வருஷமா எடது பக்கம்தான் போட்ட. அப்புறம் லிஸ்ட்ல பார்த்தேன், முனியாயி சாம்பலாகிக் கெடந்தா. லெவல் எழுபத்தி ஒன்னு. அத எப்படித்தான் அழிச்சியோன்னு நெனச்சு பாத்ரூம்ல போய் அழுதேன்.

அப்ப ஏன் சொல்லலன்னு கேப்ப. சொல்றேன், திட்டு. எனக்கு பிடிச்சிருந்துச்சு. மொத தடவ நீ என் பின்னால வந்த. நான் பாறைக்கு ஓடுனா நீ ஓடி வந்த. நான் நின்னா நின்ன. இவ்ளோ வருஷம் நான் உன் முதுக மட்டும்தான் பார்த்தேன். அதோட செண்டோல புகழ்ந்து எழுதி உன்னை எரிய விட்டேன் பாரு, அது சின்னத்தனம். உன்கிட்ட நேரா சொல்ல முடியாத நன்றிய அவகிட்ட சொன்னேன்னு வச்சுக்கோ. ரெண்டும் உண்மை.

நீ கேட்ட கேள்விக்கு பதில்: இல்ல. டிராகன நான் பார்த்ததே இல்ல. ஹீலருக்கு எல்லார் தலைக்கு மேலயும் ஒரு பச்சைக் கோடு ஓடும். அது கொறையுதா கொறையுதான்னுதான் பார்க்கணும். மூணு வருஷம் நான் பார்த்தது உன் பச்சைக் கோடு. ஆர்ச்சர் ஆனதுக்கு அப்புறம்தான் அந்த மூடுன கண்ண பார்த்தேன். அழகா இருக்குடி அது.

ஆனா இப்படியே போக முடியாது. சனிக்கிழமை, பதினேழாந்தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு விளையாடுறோம். லெவல் அம்பது ஃப்ரீ அன்னைக்கு ஆறு மணியோட முடியுது. நீ புனிதாவா மைக் போட்டு வா. எந்த கிளாஸ் வேணுமோ எடு. டாங்க்தான் வேணும்னா எடு, அகல்யாகிட்ட நான் பேசுறேன். ஆனா என்னைப் பார்த்து எடுக்காத, எனக்காகவும் எடுக்காத. முகமூடி போட்ட செண்டோலா வந்தா பார்ட்டில இருந்து நானே பேர எடுத்துடுவேன். பொய்யி பேசிக்கிட்டு என் உயிர காப்பாத்த வேணாம்.

பவானி
(எச்சில் கப் விஷயம்: அன்னைக்கு உனக்கு சளி புடிச்சிருந்துச்சு, மக்கு.)


பெம்பான்
16.8.2024, வெள்ளிக்கிழமை

பவானிக்கு,

அலமாக், எடது பக்கம்! அத நான் யோசிக்கவே இல்ல. என் கைக்கு தெரியுது, எனக்கு தெரியல.

நாலு நாளா உன் லெட்டர கிளினிக் கவுண்டருக்கு கீழ வச்சு படிக்கிறேன். ஒரு பாட்டி நம்பர ரெண்டு தடவ தப்பா கூப்பிட்டேன். திட்டு வாங்குனேன். மொத நாள் கோவம். ரெண்டாம் நாள் வெக்கம். மூணாம் நாள் மறுபடியும் அகல்யா மேல பொறாமை, அது தன்னால வருது, நான் என்ன செய்ய?

முனியாயிய அழிக்கிறப்ப "உறுதியா?"னு மூணு தடவ கேட்டுச்சு. நான் மூணு தடவயும் எஸ் அடிச்சேன். உன் பக்கத்துல நிக்க அந்த ஒரு இடம்தான் காலியா இருந்துச்சு. ஹீலர் ஆனா என்னன்னு அன்னைக்கு எனக்கு தெரியாது. மொத சண்டையில அஞ்சு பச்சைக் கோடு, கண்ண எடுக்க முடியல. சண்ட முடிஞ்சு எல்லாரும் "டிராகன் செமையா இருந்துச்சுல்ல?"ன்னு கேக்குறீங்க. நான் "ஆமா சிஸ்"னு டைப் பண்ணேன். பொய்யி. நான் ஒன்னும் பார்க்கல. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, மூணு வருஷமா நானும் உன்கிட்ட வந்து அப்படித்தான் கேட்டிருக்கேன். நீயும் "ஆமா புனி"ன்னு சொல்லியிருக்க.

அன்னைக்கு மவுஸ் என் கையில இருந்தது தப்பு. சாரி. இத டைப் பண்ணவே பத்து நிமிஷம் ஆச்சு.

இன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து, கிளாஸ் எடுக்குற பக்கத்த திறந்து வச்சேன். ஆறு பேரு வரிசையா நிக்கிறாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதுல ரெண்டு பேரத்தான் பார்த்தேன், ஒன்னு எனக்கு, ஒன்னு உனக்கு. இன்னைக்கு ஆறு பேரையும் பார்த்தேன். ஒவ்வொருத்தரையும் சுத்தி சுத்தி பார்த்தேன். மந்திரவாதி கால் கட்டவிரல்ல மெட்டி போட்டிருக்கான், தெரியுமா உனக்கு? அம்மா வந்து "என்னடி, பொண்ணு பார்க்குறியா?"ன்னாங்க.

அப்புறம் ஒன்னும் எடுக்காம பக்கத்த மூடிட்டேன். ஹீலராவே இருக்கேன். உனக்காக எடுக்காதன்னு சொன்ன. சத்தியமா உனக்காக இல்ல. அந்த ஜொகூர் பையன மாதிரி பூ பறிக்காம, ஒருத்தரு சாகுறதுக்குள்ள கை ஓடுது பாரு, அந்த செகண்டு எனக்கு பிடிச்சுப் போச்சு. கேடயம் புடிச்சப்ப இது தெரியாது. சரி, கொஞ்சம் உனக்காகவும்தான். கொஞ்சம். அதுக்கு மேல என்னால நல்லவளா இருக்க முடியாது.

பேர மாத்த முடியாதாம், செண்டோல்தான் இனிமே. மைக் ரோசாக் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. நாளைக்கு நாலு மணிக்கு வரேன். பழம் அறுபத்தஞ்சுல ஒன்னுகூட மிச்சமில்ல, முனியாயியோட போயிருச்சு. புதுசா ஒன்னு பறிச்சு வச்சிருக்கேன். இந்த தடவ நீ போடு, உனக்கு பிடிச்ச பக்கம்.

நீ டிராகன நல்லா பாரு. உன் பச்சைக் கோட்ட நான் பார்த்துக்குறேன்.

உன் ஹீலர்,
புனிதா

பி.கு.: அகல்யாவுக்கும் ஏத்துறேன்னு சொல்லு. ரெண்டாவதா.