ஒன்பதாவது முள்

மார்ச் 3
தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதி வரும்படி முதியோர் மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். இந்த வயதில் எனக்கு வீட்டுப்பாடம். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. நீல நண்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஓடு அகலமானது. ஆண் நீலம், பெண் மங்கல் பச்சை. கடைசிக் கால்கள் இரண்டும் துடுப்பு போலத் தட்டை. அவற்றால்தான் நீந்தும். ஓட்டின் இரு ஓரத்திலும் ஒன்பது ஒன்பது முள். ஒன்பதாவது ஊசி போல நீளம்.

மார்ச் 4
ஆழம் குறைந்த கடலில், மணலும் கடல்புல்லும் சேருமிடத்தில் இருக்கும். மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டும்.

வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷம் அதைப் பிடிச்சுத் தின்னது போதாதா? எழுதி வேற மானத்தை வாங்கணுமா?" என்றாள்.

மார்ச் 9
முள் ஏறிவிட்டது.
வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது துடுப்புக் கால் பக்கமாகப் பிடிக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தேன். பக்கத்துப் படகில் புதிதாகப் பெயர் எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் நண்டு திமிறியது. வலது கை ஆள்காட்டி விரல்.

மார்ச் 11
வீக்கம். காய்ச்சல்.

மார்ச் 12
விரல் கறுத்துவிட்டது. "சர்க்கரை இருக்கே பெரியவரே. கடல் கிருமி வேற. விரலை எடுக்கணும், விட்டா கையே போயிடும்" என்றார் டாக்டர்.
"எழுதுற விரலுங்க. வேற ஒண்ண எடுத்துக்கக் கூடாதா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரி அழுதாள். "கண்ணு வலையிலதான இருக்கணும்? எழுத்தா உங்களைக் கூப்பிட்டுச்சு?"
ஆமாம், கூப்பிட்டது. அவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 13
நாளை எடுக்கிறார்கள். பேனாவை நடுவிரலில் சாய்த்து எழுதுகிறேன். உயிர் போகிறது.
கால் போன நண்டு ஓடு கழற்றினால் புதுக்கால் முளைக்கும். எனக்கு என்ன முளைக்கும்? எதுக்கு இவ்வளவு தாமதமா கத்துக்கிட்டேன்? தெரியாமலே போயிருந்தா இந்த வலி இல்லையே —

ஏப்ரல் 20
இடது கையால் எழுதுகிறேன்.
நான் போகும் படகு என் தம்பியுடையது. "நீங்க கரையிலேயே இருங்கண்ணே" என்றான். 
வலது கையில் இன்னும் கட்டு. நோட்டு நழுவாமல் வீட்டுக்காரி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.
"முடிஞ்சுதா?" என்று கேட்கிறாள்.
இல்லை என்கிறேன். கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.