ஆட்சேபணை இல்லை என்று எழுதப்பட்டது

அன்பு மகளுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினால் உனக்குப் பகீரென்று இருக்கும். வீட்டில் எல்லோரும் நலம், யாருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீங்காமல், கண் எரியாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்ல நாலு தடவை பார்த்தேன். நீ நடுவில் "அப்புறம்மா?" என்பாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். காகிதம் நடுவில் எதுவும் கேட்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. புதுக் கண்ணாடி வந்ததிலிருந்து காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறார், இவர் தயவில் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் வாங்குவதையே நிறுத்திவிட்டார் என்று உன் அத்தை சிரிக்கிறாள். அத்தைக்கும் மாடி வீட்டு அம்மாவுக்கும் துணிக்கொடிச் சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தம்மா போர்வை காயப்போட்டால் இவள் கீழே நின்றுகொண்டு "சூரியனையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துட்டீங்களா?" என்கிறாளாம். நீ கேட்ட வெள்ளை ஷூ பார்சலில் வருகிறது, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன், நாள் முழுக்க நிற்கிற காலுக்கு இறுக்கம் ஆகாது. தலைமை நர்ஸ் கத்தினால் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் கத்துவார்களே என்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் இருந்துவிடாதே. இந்தப் புத்திமதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் நீயே கேட்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னாயே, வயிற்றுப்போக்கில் வந்தது, உடம்பில் தண்ணீரே இல்லை, ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு பேர் தோற்றுப்போய் மூன்றாவதாக நீ கண்டுபிடித்தாய் என்று. எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது கண்ணு. என்னால்தான் கேட்க முடியவில்லை.

என் வேலை என்னவென்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அத்தை தெருவெல்லாம் "எங்க வீட்டு மருமக பட்டாளத்துக்கே வக்கீல்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. படை எங்காவது தாக்கப் போகிறது என்றால் முன்னதாக இலக்குகளின் பட்டியல் ஒன்று தயாராகும். அதில் உள்ள ஒவ்வொரு இடத்தையும் போர்ச் சட்டத்தோடு ஒட்டிப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. அடிச்சுக்கிறதுக்கு என்ன சட்டம் என்று அப்பா ஒரு தடவை கேட்டார். சட்டம் உண்டு, நாடுகள் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. சண்டையில் இருக்கிறவனைத் தாக்கலாம், இல்லாதவனைத் தாக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் பயன்படுகிற இடமாக இருந்தால், அதை அடிப்பதால் படைக்குக் கிடைக்கப்போவதையும் ஊர் சனம் இழக்கப்போவதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சனத்துக்குக் கேடு குறைவான வேறு வழி இருந்தால் அந்த வழிக்குத்தான் போக வேண்டும். இதைப் படிக்கத்தான் பதினெட்டு வயதில் உன்னைப் பெற்று, உன்னை அத்தை மடியில் போட்டுவிட்டு மாலைக் கல்லூரிக்கு ஓடினேன். நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று அன்றைக்கு அப்பா தெருவையே கூப்பிட்டார். படிப்பு வந்ததே தவிர வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் திட்டக் கூட்டத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலியில்தான் உட்காருவேன். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. நானாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தளபதி ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக்கொண்டு வருவார், வானிலை, எரிபொருள், மருத்துவம், கடைசியாகச் சட்டம். பதில் வராவிட்டால் பென்சிலால் மேசையை மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டு வரைக்கும் பேசாதவர் பெயருக்கு நேரே "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொள்வார்கள். நேரம் மிச்சமாகிறது என்று எல்லோருக்கும் அதில் பெருமை. வாய் திறக்காதவள் சம்மதித்தவள் ஆகிவிடுகிற அந்த வழக்கம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, பெரும்பாலான நாட்களில் எனக்கும் ஆட்சேபணை இருக்காது.

இரண்டு மாதத்துக்கு முன் வந்த பட்டியலில் ஒரு மின் நிலையம் இருந்தது. எதிர்ப் படையின் தகவல் கோபுரத்துக்கு அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது, அதனால் அதை அடிக்கலாம் என்று திட்டம். எங்கள் அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிற ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்போம், எறும்பு போன தடத்தையும் கண்டுபிடித்துவிடுவார். அவர் என் மேசைக்கு வந்து கையாலேயே ஒரு தாளைக் கொடுத்தார். அதே மின் நிலையத்திலிருந்து இன்னொரு கம்பி பக்கத்து ஊரின் நீரேற்று நிலையத்துக்கும் போகிறது, அது நின்றால் நாற்பதாயிரம் பேருக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று எழுதியிருந்தார். "கோபுரம் தனியா மேட்டுல நிக்குதும்மா, சுத்தி வீடே இல்ல. அத அடிச்சாப் போதுமே, எதுக்கு ஊரோட தொண்டைய அடைக்கணும்?" என்றார். அவர் வரைபடக்காரர், சட்டம் படித்தவர் இல்லை. நான் சொல்ல வேண்டியதை அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தாளோடுதான் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து தளபதி என்னைப் பார்த்து "ஏம்மா சுவத்துக்கு முட்டுக் குடுக்கறீங்களா? இங்க வந்து உக்காருங்க" என்றார். முதல் தடவையாக மேசையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தண்ணீர் பாட்டில், எனக்கும் ஒரு குறிப்புப் புத்தகம். என் முறை வந்தது. எழுந்து சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. முதல் தட்டு. "வக்கீலம்மா வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும், விடுங்க" என்றார் எரிபொருள்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. எழுதிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன் கண்ணு. வெறும் பயம் என்றால் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். அவர்கள் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்ட அன்றைக்கே குறுக்கே பேசி அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முழு நாள் இருந்தது. இரண்டு நாளில் ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்பியிருக்கலாம், என் தலைவர் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். எழுதியாகிவிட்டதே, இனிச் சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தாளைக் கோப்புக்கடியில் வைத்தேன். மூன்றாம் நாள் மின் நிலையம் போனது. அந்த ஊருக்கு ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. சனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள். அப்பா பேப்பரைப் படித்தார், வயிற்றுப்போக்கில் பதினொரு பேர் இறந்துபோனார்கள், அதில் ஏழு குழந்தைகள் என்று. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். "இத ஒருத்தன் உக்காந்து யோசிச்சுத்தானே செஞ்சிருப்பான்" என்றார் அப்பா. "அவன் வீட்லயும் புள்ளைங்க இருக்குமே" என்றாள் அத்தை. நான் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன், இருபது வருஷமாகப் போடுகிற சர்க்கரையை. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து வந்து கிழித்து, காய்கறித் தோலுக்கடியில் போட்டுவிட்டேன்.

இப்போது விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. தாளைக் கொடுத்தேன் என்கிறார் பூதக்கண்ணாடி. பதிவேட்டில் கையெழுத்து இல்லை, கையால் கொடுத்ததற்கு ஏது கையெழுத்து. முக்கியமான தகவலை மறைத்தார் என்று அவர்மேல் குற்றம் எழுதப் போகிறார்கள், வேலையும் போகும், சிறைக்குக்கூட அனுப்பலாம் என்கிறார்கள். என் தலைவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "தாள் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பிரிவே தப்பிச்சிடும், உங்களுக்குப் பேசறதே கஷ்டம், நானே எழுதித் தரேன்" என்றார். எழுதியும் தந்துவிட்டார், கைப்பையில் இருக்கிறது. பூதக்கண்ணாடியை வரைபட அறைக்குள் விடுவதில்லை. தினமும் தேய்த்த சட்டையோடு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முந்தாநாள் எழுந்து நின்று, "அம்மா, தாள் உங்க கைக்கு வந்ததுதானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தனக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி கேட்டார். நான் "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இவ்வளவுதான் விஷயம். அப்பாவிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன், உன்னிடம் சொல்லிவிட்டால் அதற்குத் தைரியம் வரும் என்று பார்க்கிறேன். நீ திட்டினாலும் சரி, சில நாள் பேசாமல் இருந்தாலும் சரி, சாப்பாட்டை மட்டும் விடாதே. குளிர் தொடங்குகிறது, வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொள். உன் கை பிடித்த குழந்தைகள் எல்லாம் பிழைத்து எழுந்து ஓட வேண்டும், அந்தப் புண்ணியத்தில் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பேச வேண்டியதை ஒத்திகை பார்த்து உனக்குப் போனில் பதிவு செய்து அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? ஊர்ப் பெயர் சொல்லவில்லை, ஆனால் மின் நிலையம், தண்ணீர், கோபுரத்தை மட்டும் அடியுங்கள், எல்லாம் அதில் இருக்கிறது, வரைபடக்காரர் தாள் கொடுத்தார் என்பதும் இருக்கிறது. "சத்தம் பத்தலம்மா, ஆனா நீ சொல்றது சரி" என்று நீ பதில் போட்டாய். அலுவலக விஷயத்தை உனக்கு அனுப்பியதும் குற்றம்தான், அதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிறேன். என் போனில் இருந்ததை நான் அழித்துவிட்டேன். உன்னிடம் இருக்கும். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் என் வாயை எனக்குத் தெரியும், மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால் மறுபடியும் சத்தம் வராமல் போகும். அப்படிப் போனால் போனை மேசையில் வைத்து அதைப் போட்டுவிடுவேன். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நீ அதை அழித்துவிடாதே. புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

உன் அம்மா