ஓர் அறையா, இரண்டா?

மார்ச் 4, புதன்

லீவு கிடைத்துவிட்டது. ஏப்ரல் இரண்டாவது வாரம். மேனேஜர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கடலுக்கா? நீச்சல் தெரியுமாய்யா உனக்கு?" என்றார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மேலே கீழே போகத்தான் தெரியும், முன்னே பின்னே போகத் தெரியாது என்றேன். சிரித்தார்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்கு முகமெல்லாம் பல். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டுகிறவள், பாவம். "எங்க தங்கறதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. பெரிய ஜன்னல் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

தன் அறை. அதுதான் விஷயம்.

போனில் தேடினேன். தேதி போட்டேன். பெரியவர்கள் இரண்டு பேர் என்று போட்டேன். எத்தனை அறைகள் என்று கேட்டது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறை காலியானது. அப்போது இவளுக்கு ஒரு வாரம் விடாத இருமல். "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். இருமல் நின்றது. தலையணை திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. சேர்ந்து சாப்பிடுகிறோம், சேர்ந்து டிவி பார்க்கிறோம், "லைட்ட அணைச்சிருங்க" என்று ஆளுக்கொரு பக்கம் போகிறோம். வருஷங்கள் ஓடிவிட்டன.

காரணம் எனக்குத் தெரியும். என் குறட்டை.

ஐம்பத்தாறு வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கடலோரத்தில் ஒரே அறையில் தங்க வேண்டும். அவள் பழையபடி என் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

அலசி அலசி இரண்டு இடங்களில் வந்து நிற்கிறேன்.

ஒன்று ஏழு மாடி ஓட்டல், மணலை ஒட்டியே. கட்டிலில் இரண்டு துண்டுகளை அன்னப்பறவைகளாக மடித்து மூக்கோடு மூக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் லிஃப்ட்டும் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தரைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. யாராவது தடுக்கி விழுவார்கள். தங்கியவர்கள் எழுதியதையும் படித்தேன். ஒரு மகானுபாவர் 'கடல் சத்தம் அதிகம்' என்று குறைப்பட்டு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று ஒரு வீடு. சொந்தக்காரம்மா கீழே இருக்கிறார். மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள், தனித்தனிக் கதவு, முன்னால் பொதுவாக ஒரு பால்கனி. ஒன்று மட்டும் வேண்டுமானாலும் கொடுப்பார்களாம்.

எனக்கு மனசு அன்னப்பறவை பக்கம்தான். ஆனால் நானாக ஒரே அறை என்று போட்டுவிட்டு, அவள் அங்கே கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தால்? கேட்டுவிடலாம் என்று சமையலறை வரைக்கும் போனேன். "என்ன?" என்றாள். "தண்ணி" என்றேன். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

இன்றும் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். டார்ச் அடித்து, மூச்சு இழுக்கச் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "மல்லாந்து படுக்காதீங்க. ராத்திரி சாப்பாட்டக் கொறைங்க. வீட்டுல குறை சொல்றாங்களா?"

"சொல்ல மாட்டேங்கறாங்க டாக்டர். அதான் பிரச்சினை."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மத்தியானம் வெல்டர் தம்பியிடம் வாயைக் கொடுத்தேன். அவனிடம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. "அண்ணே, பனியன் முதுகுல ஒரு பந்த வெச்சுத் தெச்சிருங்க. மல்லாந்தா குத்தும், தானா திரும்பிருவீங்க. எங்க மாமாவுக்கு அதுலதான் சரியாச்சு."

"மாமா இப்ப எப்படி இருக்காரு?"

"குறட்டையே இல்ல. நடக்கும்போதுதான் கொஞ்சம் வளைஞ்சு நடக்கறாரு."

வருகிற வழியில் ஒரு டென்னிஸ் பந்து வாங்கினேன். ஊசியில் நூல் கோப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

போனைத் தலைமாட்டில் வைத்து என் தூக்கத்தைப் பதிவு செய்து, பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஐயோ, நானா இது? பேரிங் போன மோட்டார்கூட இப்படிக் கத்தாது. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்று போனைப் பையில் போட்டேன். இதைக் கேட்டுக்கொண்டே இத்தனை காலம் படுத்திருந்தாளே, அவளுக்குச் சிலைதான் வைக்க வேண்டும்.

பந்து வேலை செய்கிறது. பனியனைத் தோய்க்கப் போடும்போது மட்டும் பிரித்து எடுத்துவிடுகிறேன். விடியும் நேரத்தில் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. முதுகுதான் விண்விண் என்கிறது.

மார்ச் 16, திங்கள்

மகள் பேசினாள். "அப்பா, இன்னுமா பாத்துக்கிட்டே இருக்கீங்க? வீடு வாங்கவா போறீங்க? மூணு நாள் தங்கத்தானே போறீங்க!" அன்னப்பறவை ஓட்டலின் படத்தை அனுப்பினேன். "ஹனிமூன் ரூம் மாதிரி இருக்கேப்பா" என்று சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகி, போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மகளுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் மாப்பிள்ளையும் வரும்போது அந்த அறை அவர்களுக்கு. இவள் தலையணை என் அறைக்கு வந்துவிடும். அந்த நாட்களில், குறட்டை விட்டுவிடக் கூடாதே என்று நான் தூங்குவதே இல்லை. தூங்காமல் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 19, வியாழன்

நேற்றைய பதிவில் ஃபேன் சத்தம் மட்டும். ஆள் சத்தமே இல்லை. உயிரோடுதான் இருந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 20, வெள்ளி

சாப்பிட்டு முடித்ததும் போனை அவள் முன்னால் வைத்து ஓடவிட்டேன்.

"என்னது இது? ஒண்ணும் கேக்கலையே."

"அதான்! ஒண்ணும் கேக்காது. நேத்து நான் தூங்கினதுதான் இது."

பந்து தைத்த பனியனையும் கொண்டுவந்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தோய்க்கறப்ப பாத்தேன், முதுகெல்லாம் ஓட்டை. எலி கடிச்சிருச்சுன்னு நெனச்சேங்க!"

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் சொன்னேன். "அதனால கடலுக்குப் போறப்ப ஒரு ரூம் போதும்."

சிரிப்பு நின்றது. பனியனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஏங்க, குறட்டைக்காகவா நான் அந்த ரூமுக்குப் போனேன்னு நெனச்சீங்க?"

"பின்ன?"

"உங்க குறட்டை எனக்கு எப்பவோ பழகிப்போச்சு." தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "எங்க வீட்டுல அக்கா தங்கச்சி ஆறு பேருக்கு ஒரே ரூம். அப்புறம் ஹாஸ்டல். அப்புறம் நீங்க, நடுவுல குழந்தை. பகல் பூரா கவுண்டர்ல ஆளுங்க மூஞ்சி. எனக்குன்னு ஒரு ரூம் இருந்ததே இல்லைங்க. இருமலுக்குத்தான் போனேன். கதவ சாத்திட்டு படுத்தேன் பாருங்க... அவ்வளவு நல்லா இருந்துச்சு. திரும்பி வர மனசு வரல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

"கடலுக்குப் போனாலும் அப்படித்தானா?"

"அங்கயும் எனக்குன்னு ஒண்ணு இருந்தா சந்தோஷப்படுவேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

மார்ச் 21, சனி

குறட்டைன்னா பந்து வெச்சுத் தைக்கலாம். இதுக்கு எதைத் தைக்கறது?

நான் இல்லாத இடம் அவ்வளவு நல்லா இருந்துச்சாம். என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. அப்ப நான் யாரு, அடுத்த வீட்டுக்காரனா? கோபமா எனக்கு? கோபம் இல்ல. வலிக்குது, அவ்வளவுதான்.

டீ கொண்டுவந்து வெச்சா. குடிக்கல. அவ போனதுக்கப்புறம் குடிச்சேன். ஆறிப்போயிருந்துச்சு.

மார்ச் 23, திங்கள்

ஒரு அபார்ட்மெண்டில் வேலை. லிஃப்ட் போகும்போது மேலே சத்தம் வருகிறது என்று செக்ரட்டரி பிடிபிடியென்று பிடித்தார். கோளாறு கீழே இருந்தது. சத்தம் வருகிற இடத்திலேயே தேடாதீர்கள் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்பவன் நான். வீட்டில் மட்டும் குறட்டையையே பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

மத்தியானம் மொட்டை மாடி மோட்டார் அறையில் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். இந்த நேரம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். கிரீஸ் வாசனை, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நான், வேறு யாரும் இல்லை. இன்று பாதிச் சாப்பாட்டில் அவள் போன் வந்தது. எரிச்சலாக இருந்தது. எடுக்கவில்லை.

அப்புறம் யோசித்தேன். எரிச்சல் வந்ததே, அதனால் அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டதா? இல்லையே. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட நினைத்தேன், அவ்வளவுதானே. எனக்குக் கட்டடத்துக்குக் கட்டடம் ஓர் அறை இருந்திருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் ஒன்று.

சாப்பிட்டு முடித்து நானே கூப்பிட்டேன். "சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

மார்ச் 25, புதன்

கடலோர வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எத்தனை பேரு வரீங்க?"

"ரெண்டு பேரும்மா. நானும் என் வீட்டுக்காரியும்."

"அப்ப ஒரு ரூம்."

"இல்லம்மா. ரெண்டு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சண்டையா தம்பி?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. அவளுக்கு ஒண்ணு வேணுமாம்."

"குடுத்து வெச்சவ" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. பிறகு அவரே, "ஒரு ரூமுக்குத்தான் கடல் தெரியும். இன்னொண்ணுக்கு ஜன்னல் பின்பக்கம். கடல் யாருக்கு?" என்றார். அவளுக்கு என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"துணி காயப்போடற கொடி."

என் கையைப் பிடித்தாள். மனசு முழுசாக ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அவள் கை சூடாக இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

வந்து சேர்ந்தோம். அவள் அறையில் ஜன்னல் சுவர் அளவுக்கு இருக்கிறது. கொடி நிஜமாகவே இருக்கிறது. ஆறு போர்வைகள் ஆடுகின்றன. ஒற்றைக் கட்டில். பந்து தைத்த பனியனை எடுத்துக் கட்டிலில் போட்டேன். இங்கே யார் தூக்கம் கெடப்போகிறது என்று மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா டீ கொண்டுவருகிறார் என்று நினைத்து, "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றேன். திறந்துகொண்டு நின்றது இவள். தலை சீவி, நல்ல புடவை கட்டி, கையில் செருப்போடு.

"மணல்ல நடக்கப் போறேன். நீங்களும் வரீங்களா?"

வரீங்களா! வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். வரீங்களா என்று அவள் என்னைக் கடைசியாகக் கேட்டது எப்போது? பல்கூடத் தேய்க்காமல் போனேன். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றோம். அலை இழுக்கும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸில் புதிதாக வந்த அதிகாரி நடப்பதைப் போல நடந்து காட்டினாள். இவளுக்கு இப்படியெல்லாம் செய்ய வரும் என்பதையே மறந்திருந்தேன்.

ஏப்ரல் 11, சனி

மத்தியானம் அவள் அறைக்குக் கூப்பிட்டாள். எனக்கு ஜன்னலோர நாற்காலி, அவளுக்குக் கட்டில். மகளைப் பற்றிப் பேசினோம். எனக்கு ரிட்டயர்மெண்ட் நினைத்தாலே பயமாக இருப்பதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "எனக்கும்தாங்க" என்றாள்.

நடுவில் எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துக் காட்டினாள். "எவ்வளவு கச்சிதமா விழுது பாருங்க. வீட்டுல அந்தக் கதவு காத்தடிச்சா தானா தொறந்துக்குது. ஸ்டூல முட்டுக் கொடுத்துட்டுத்தான் படுக்கறேன்."

ஊரில் உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் சரிசெய்கிறவன் நான். இது எனக்குத் தெரியாது.

பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு என் அறைக்கு வந்தேன். வருத்தமாக இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

வேலை முடிந்து வரும்போது ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். அவள் அறைக் கதவின் உள்பக்கம் துளை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து முடுக்கினேன். கீலுக்கும் எண்ணெய் விட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"உள்ள இருந்து போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். போட்டாள். தோளால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. வேலை சுத்தம்.

ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் வைத்தேன். கை துடைத்தேன். கொஞ்ச நேரம் ஹாலில் நின்றேன். அப்புறம் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றாள்.

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"நான்தான். வரலாமா?"

தாழ்ப்பாள் விலகியது. "வாங்க, வாங்க" என்று நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டாள்.