அளவெடுத்து வாங்கிய ரேம்

அண்ணி,

உங்கள் பீரோ சாவி இப்போது என் கையில் இருக்கிறது. சாவியைவிட, அதைக் கட்டியிருக்கும் பச்சைப் பட்டைதான் என்னைச் சிரிக்க வைத்தது. ஒரு சாண்கூட இல்லாத ரேம் பட்டை. அதன் ஓரத்து வெட்டில் சிவப்பு நூலைச் சுற்றிச் சாவியை முடிந்திருக்கிறீர்கள். "உங்க அண்ணி புடவைங்கள நீயே பாத்து எடுத்துக்கம்மா" என்று நீட்டிவிட்டு அண்ணன் கடைக்குப் போய்விட்டார். பீரோவை நான் இன்னும் திறக்கவில்லை. கணினி மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விழுப்புரத்தில் கல்லூரி படித்தபோது பாடத்துக்கென்று சொல்லிப் பழையதாக வாங்கிய கணினி இது. நீங்கள் திண்டிவனத்துக்கு மருமகளாக வந்த மூன்றாம் மாதம், நான் கார் ரேஸ் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தீர்கள். "தள்ளு, நான் பாக்கறேன்" என்றீர்கள். உங்கள் ஊர் பிரம்மதேசத்தில் உங்கள் அப்பாவின் டிராக்டரை ஓட்டியவர் நீங்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டில் அதை மட்டும் பத்திரமாக மறைத்துவிட்டார்கள். வளைவு வந்தால் கார் திரும்புவதற்கு முன்பே நீங்கள் நாற்காலியோடு சாய்வீர்கள். "ஓரமா போயேன்டா, உன்னோட பேஜாரா போச்சு!" என்று முன்னால் போகும் காரைத் திட்டுவீர்கள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, வாசலில் யாரோ சண்டைக்கு வந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார். மத்தியானச் சமையல் முடிந்ததும் வறுத்த மல்லாட்டையைக் கொரித்தபடி ஆளுக்கொரு சுற்று ஓட்டுவோம். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கடலைத் தோல் கொட்டும்.

எனக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை நிச்சயமான சமயத்தில்தான் அந்த மலைப்பாதை ரேஸ் வந்து சேர்ந்தது. தோழி கொடுத்த சிடி. விளையாட்டு புதுசு, கணினி பழசு. கார் ஓடாமல் விட்டு விட்டுத் தாவியது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. "நீ விழுப்புரம் போறதுக்குள்ள ஒரு தபாவாவது இதுல உன்ன தோக்கடிக்கணும்டி" என்றீர்கள். எனக்கும் அதே வெறிதான். போன பிறகு எந்த நாத்தனார் ரேஸ் விளையாடப் பிறந்த வீட்டுக்கு வருவாள்? கேட்டால் ஊரே சிரிக்கும்.

பிராசஸரை மாற்றுவதா, ரேம் வாங்குவதா? இரண்டில் ஒன்றுதான் நமக்குக் கட்டுப்படியாகும். பட்டதாரி நான், பிராசஸர் என்றேன்.

"அது இன்னா பண்ணும்?"

"எல்லா வேலையும் அதுதாங்க அண்ணி செய்யும்."

"அப்ப ரேமு?"

"கையில எடுத்த வேலைய வச்சிக்கிற எடம்."

"அப்ப பிராசஸரு சமையக்காரி, ரேமு சமையல் மேடை. மேடையில எடமே இல்லன்னா அவ எவ்ளோ ஜல்தியா இருந்து இன்னா பிரயோஜனம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரேஸை ஓடவிட்டு, எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். பிராசஸர் பாதி நேரம் சும்மா இருந்தது. ரேம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதன்பிறகு மூன்று நாள் உங்கள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு அதில்.

நம் வீட்டில் எதை வாங்கவும் ஆள் போவதில்லை, அளவுதான் போகும். அண்ணனுடைய ஃபேன்சி ஸ்டோருக்குச் சென்னையிலிருந்து சரக்கு வரும்போதே நம் வளையலும் செருப்பும் வந்துவிடும். வளையலுக்கு நூல், செருப்புக்கு விளக்குமாற்றுக் குச்சி. ரேமும் அப்படித்தான் போனது, என் புத்திசாலித்தனத்தால். இருந்த பட்டையைக் கழற்றி, காலண்டர் தாளின் பின்புறம் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தேன்.

"மேல இன்னாமோ எழுதியிருக்கே, அதையும் எழுதிக் குடேன்" என்றீர்கள்.

"அளவு சரியா இருந்தா போதுங்க அண்ணி" என்றேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள்.

வளையல் பெட்டிகளோடு ரேம் வந்தது. தாளில் வைத்தால் கோடு பிசகாமல் உட்கார்ந்தது. கணினிக்குள் வைத்தால் இறங்கவில்லை. கீழ் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டை நான் வரையவே இல்லை. புதியதில் அது ஒரு நெல்மணி அளவு தள்ளி இருந்தது, வேறு வகை ரேம். நான் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினேன்.

"ஏய், அது இன்னா வளையலா, சோப்பு போட்டு ஏத்த? உடைச்சிடப் போற!"

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணச் செலவுக்கு நடுவே இன்னொன்று கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை. நீங்கள் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. "தப்பா வந்துதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்களா?" என்று சாவியை அதில் கட்டினீர்கள். ரேஸ் நடக்காமலே நான் விழுப்புரம் போனேன்.

ஆடி பிறக்கும் சமயம் சீர்த்தட்டோடு நீங்களும் அண்ணனும் என்னை அழைக்க வந்தீர்கள். புதுப்பெண் ஆடியில் தாய்வீட்டில் இருப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நீங்கள் பூ வைத்துவிடும் சாக்கில் என் காதருகே குனிந்து, "சரியான ரேமு போட்டுட்டேன். ஜல்தி கெளம்பு" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருப்பதாக நினைத்து என் மாமியார், "இப்படி ஒரு அண்ணி யாருக்குக் கெடைக்கும்" என்று உருகிப்போனார். அடக்கிய சிரிப்பு அது என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில்தான் முழுக்கதையும் சொன்னீர்கள். பழைய பட்டையையே கழற்றி, பஞ்சு வைத்த வளையல் பெட்டியில் எடுத்துக்கொண்டு, விழுப்புரம் கடைக்கே வந்து காட்டி வாங்கியிருக்கிறீர்கள். என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வந்தும் என்னைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறீர்கள்!

"பாத்தா வாய் நிக்காதுடி, சொல்லிடுவேன்."

"அப்ப ஓட்டிப் பாத்துட்டீங்களா?"

"நீ இல்லாம ஓட்டினா அது ரேஸா?"

அந்த ஆடி மாதம் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசிக் கொண்டையூசி வளைவில் நான் பாறையில் மோதுவேன், நீங்கள் டிராக்டர்போல நிதானமாகத் திரும்பி ஜெயிப்பீர்கள். தலை ஆடிக்கு மட்டும் அழைப்பதுதான் வழக்கம். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வோர் ஆடியும் வந்து, "நாத்தனார அழைச்சிகினு போறேங்க" என்று என் மாமியார் முன் பவ்யமாக நிற்பீர்கள். போன ஆடிக்கு, உடம்பு முடியாமல் இருந்தும் வந்தீர்கள்.

தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். இந்த ஆடிக்கு யாரும் என்னை அழைக்க வரவில்லை. நானே பஸ் ஏறி வந்தேன்.

கணினியைப் போட்டேன், அண்ணி. முக்கிக்கொண்டே எழுந்தது. மலைப்பாதைப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது, இரண்டாவதும் உங்களுடையது. மூன்றாவது நான். ஓட்டினேன். உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமெல்லாம் சத்தியமாக இல்லை. வளைவில் நாற்காலியோடு சாய்ந்துகூடப் பார்த்தேன். அதே பாறையில் மோதினேன். தோற்றதும் வாய்விட்டுச் சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது.

புடவை எதுவும் எனக்கு வேண்டாம். சாவியை அவிழ்த்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, இந்தத் தப்பான ரேமை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் பெயர் முதலிடத்தில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஆடிக்கு நானே வருகிறேன், உங்களைத் தோற்கடிக்க.