பின்னுக்கு வைத்த பெட்டி

நேற்று பிளாக்டவுனில் பெட்ரோல் அடித்துக்கொண்டு நின்றபோது கிரீஸ் மணம் வந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை யூட், பின்பக்கம் திறந்த சாமான் வண்டி. ஒரு வெள்ளைக்கார முதியவர் அதன் பின்னால் கரவனை, அந்தச் சில்லு வைத்த குட்டி வீட்டை, கொளுவிக்கொண்டிருந்தார். இழுவைக் குண்டுக்குப் பழைய காலுறையால் கிரீஸ் பூசி, கரவனின் மூக்கை அதன்மேல் இறக்கி, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். நீயும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பாய். பம்ப் நின்றதுகூடத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, மச்சான். உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டேன் என்பதும் பொய்தான். நீ கேட்டாய், நான் மழுப்பினேன்.

ஊரில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் பட்டத்தோடு விமானத்தில் வந்து இறங்கி, சிவில் என்ஜினியர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தேன். நீ பல வருடம் கழித்துப் படகில் வந்தாய். தற்காலிக விசாவோடு வென்ட்வேர்த்வில்லில் ஒரு அறை. வீடு வீடாய் டைல்ஸ் பதிக்கும் வேலை. அதற்கு இதேபோல் ஒரு சின்ன யூட். மனைவியும் மகளும் ஊரில். மகளை நீ கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு நாலு வயது.

நான் பழைய கரவன் ஒன்றை வாங்கியபோது ஒன்றை யோசிக்கவில்லை: என் காரால் அதை இழுக்க முடியாது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "என்ஜினியர் மாட்டை விட்டுட்டு வண்டிலை மட்டும் வாங்கியிருக்கிறார்" என்றாய். பிறகு நீயாகவே, "என்ரை யூட் இழுக்கும். எப்ப போறியள் எண்டு சொல்லு" என்றாய்.

என் மகளுக்குச் சுகமானால் மெல்பேர்னிலுள்ள கேரம் டவுன்ஸ் கோயிலில் பொங்குவதாக என் மனைவி நேர்ந்திருந்தாள். அதே மெல்பேர்னில் அவளுடைய தங்கைக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு காரியம். பொங்கலுக்குப் பானை, பட்டு, பழம், தேங்காய். பிள்ளைப்பெற்றவளுக்குச் சுறா மீன், ஐஸ் நிரப்பிய பெரிய பெட்டியில். அதோடு இரண்டு மூட்டை குத்தரிசி. முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்து நீதான் எல்லாவற்றையும் ஏற்றினாய். பெட்டியும் மூட்டைகளும் சரியாகக் கரவனின் சில்லுகளுக்கு மேலே. "பின்னுக்கு ஒண்டும் வைக்காதை மச்சான். பின்னுக்குப் பாரம் கூடினா கரவன் வாலாட்டும். பிறகு ஆராலையும் பிடிக்கேலாது" என்றாய்.

காலையில் என் மனைவி சாமிப்படத்தோடு கரவனுக்குள் ஏறினாள். ஏறியவள் கத்தினாள்: "என்னப்பா, சாமிச் சாமானோடை மச்சத்தை வைச்சிருக்கிறியள்! முதல்லை அதை அங்காலை எடுங்கோ!" பட்டுக்கும் மீனுக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்கவில்லை. நான் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி மூலையில் வைத்தேன். பூசைச் சாமானைப் பரப்பி வைக்க இடம் வேண்டும் என்று அரிசி மூட்டைகளையும் பின்னால் தள்ளினேன். நீ எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாய். வந்தால் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவாய், நேரம் போய்விடும் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான நினைப்பும் ஒன்று இருந்தது. பாரத்தைப் பற்றி டைல்ஸ் பதிக்கிறவன் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற நினைப்பு.

வெளியே வந்து கரவனின் மூக்கை ஆட்டிப் பார்த்தாய். "என்னடா, மூக்கு இலேசாக் கிடக்கு?" என்றாய்.

"உனக்குக் கை உரத்துப்போச்சு" என்று பகிடி விட்டேன்.

நீ சிரிக்காமல் கரவன் கதவுப் பக்கம் நடந்தாய். "நான் பூட்டிப்போட்டன். வா, வெயிலுக்கு முதல் போவம்" என்றேன். நீ என்னை நம்பி ஏறினாய்.

உன் பக்கத்தில் நான். பின்னால் எங்கள் காரில் மனைவியும் மகளும். கோல்பேர்ன் ஊரைத் தாண்டி ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அந்தக் காற்றில் கரவன் ஒருமுறை அசைந்தது. பிறகு நிற்கவே இல்லை. கண்ணாடியில் அது இடமும் வலமும் வீசுவதைப் பார்த்தேன். நீ பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, "முருகா, முருகா" என்றாய். நான் அதையும் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கரவன் தெருவோரத் தடுப்பில் உரசிக்கொண்டே போய், வெட்டித் திறந்த மீன் ரின்னைப்போல் ஒரு பக்கம் கிழிந்து, நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வேறு யாராவது ஓட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்மூலையில் வெடித்த மூட்டைகள், கவிழ்ந்த பெட்டி, அரிசிமேல் சுறாத் துண்டுகள். நீயும் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இதை ஏற்றியது யார்?" என்று அவர் கேட்டார். "இவர்தான். யூட்டும் இவருடையதுதான்" என்றேன், என் நல்ல ஆங்கிலத்தில். நீ லைசென்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாய்.

உன் லைசென்ஸ் புள்ளிகள் ஏற்கெனவே குறைந்திருந்தன. இதோடு மிச்சமும் போக, மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்று கடிதம் வந்தது. டைல்ஸ் வெட்டும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் வேலைக்குப் போனாய். இங்குள்ள கோயிலில் என் மனைவி எல்லோருக்கும் சொன்னாள், "அவருக்கு இழுத்துக்கொண்டு ஓடத் தெரியேல்லை" என்று. அவளுக்கு உண்மை தெரியாது. பெட்டியை நகர்த்தியதால்தான் இது வந்தது என்று நான் சொல்லவே இல்லை. அதன்பிறகு கோயில் ஆட்கள் உன்னைக் கண்டால் கையை வால்போல் ஆட்டிக் காட்டி நக்கலடிப்பார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

உன் விசாப் படிவங்களை எப்போதும் நான்தான் நிரப்பித் தருவேன். அடுத்த முறை விபத்தைப் பற்றி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. நீ கதிரை நுனியில் இருந்து சொல்ல, நான் எழுதினேன். "பாரத்தை நான் பிழையா ஏத்திப்போட்டன் எண்டு எழுது" என்றாய். எழுதினேன், நான் செய்ததை, உன் பெயரில். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாய்: "மச்சான், அந்தப் பெட்டி தானா நடந்து பின்னுக்குப் போச்சுதோ?"

"ரோட்டுக் குலுக்கத்திலை நகர்ந்திருக்கும்" என்றேன், தலை நிமிராமல்.

"ஓம். இருக்கும்" என்றாய். "இதாலை மனிசியையும் பிள்ளையையும் இங்கை கூப்பிடுறது பிந்துமோ?"

"சீ, ஒண்டும் வராது" என்றேன். எனக்கு அதுவும் தெரியாது.

நீ ஏன் அதற்குமேல் கேட்கவில்லை? என்மேல் வைத்த அன்பினால் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஆறுதல். ஆனால் படிவம் நிரப்ப உனக்கு வேறு ஆள் இல்லை, அதனால் என்னைப் பகைக்கப் பயந்தாய் என்றுதான் எனக்குப் படுகிறது. என் நண்பன் எனக்குப் பயந்திருக்கிறான்.

பதில் வருவதற்கு முன், வேலை செய்த வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன் உடலைத்தான் ஊருக்கு அனுப்பினோம். எல்லாம் முடிந்து ஒரு கிழமையில் உன் மனைவி எனக்கு அழைத்தாள். நன்றி சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணை, கரவனிலை தான் விட்ட பிழையாலை உங்கடை குடும்பம் சாகப் பார்த்தது எண்டு அவர் சொல்லி அழுதவர். அவரை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

அவளுக்குக்கூட நீ சொல்லவில்லை.

"பரவாயில்லை தங்கச்சி" என்றேன். செய்தவன் நான், உன்னை மன்னித்தவனும் நானே. அந்த ஒரு சொல்லை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தாள். பிறகு, "இதை எனக்கு ஏன் சொல்லுறியள்? அவரின்ரை மனிசிக்கெல்லோ சொல்லோணும்" என்றாள்.

இங்கே மத்தியானம். அங்கே விடிந்து, உன் மனைவி மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் நேரம். அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ திருப்பி ஒன்றும் கேட்கமாட்டாய் என்பதால்.